உள்ளதை உள்ளபடி

(தவக்கால ஒப்புரவு வழிபாட்டு மறையுரை, கோபிசெட்டிபாளையம்)
வாசகங்கள்: 2 சாமுவேல் 12:1-13, திருப்பாடல் 32, மாற்கு 2:1-12



தமிழ் எழுத்தில் முதலில் அச்சான புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-இல் கொல்லத்தில் அச்சிட்டார்கள். மறுவருடம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அதற்கு அடுத்த வருடமே, 1580-இல், கொச்சியில் இன்னொரு புத்தகம் அச்சானது. 'கொம்பெசியொனாயரு' என்று பெயர். பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று தமிழ் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கையேடு அது. எழுதியவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு. நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு உழைத்து 1600-இல் கண்மூடியவர்.

ஒவ்வோர் எழுத்தாக உலோகத்தில் வார்த்து அடுக்கி அச்சடிக்கவேண்டிய காலம் அது. புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'அடியார் வரலாறு' நூலை அவர் அச்சுக்குக் கொடுத்தது 1586-இல்தான். புனிதர்கள் ஆறு வருடம் காத்திருக்கலாம், பாவிகளால் முடியாது என்று நினைத்தாரோ என்னவோ! அவர் தமிழைப் பாடுபட்டுக் கற்றதற்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் ஒரு காரணம். பிரசங்கத்தைத் துபாசி வைத்துச் சமாளித்துவிடலாம். துபாசியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு எவன் தன் மானக்கேட்டை வாய்விட்டுச் சொல்வான்?

கொங்குச் சீமைக்கும் இந்த அருட்சாதனம் நேற்று வந்ததில்லை. மதுரை மிஷன் குருக்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே நமக்குப் பக்கத்துச் சத்தியமங்கலம் வரை வந்து மறைப்பணி செய்திருக்கிறார்கள். இன்று குரு பக்கத்திலேயே இருக்கிறார், மொழியும் நம் மொழி. ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் வரிசை மட்டும் வருசத்துக்கு வருசம் குட்டையாகிக்கொண்டே போகிறது. நற்கருணை வரிசை நீளமாகத்தான் இருக்கிறது. அதனால் இன்று ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பாவசங்கீர்த்தனம் நம்மைக் குணமாக்கும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் குணமாக்கும்.

முதல் வாசகத்துக்கு வருவோம். தாவீது செய்தது என்ன என்று நமக்குத் தெரியும். படைகள் போருக்குப் போயிருந்தபோது அவர் அரண்மனையில் தங்கிவிட்டார். மாலையில் மாடியில் உலாத்தியவர் கண்ணில் பத்சேபா பட்டாள். உரியா என்ற போர்வீரனின் மனைவி என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகும் ஆள் அனுப்பினார். அவள் கருவுற்றதும் போர்க்களத்திலிருந்து உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். அவனோ, தன் தோழர்கள் திறந்தவெளியில் கிடக்கும்போது தனக்கு வீட்டுச் சுகம் வேண்டாம் என்று அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். கடைசியில் அவனைக் கொல்லச் சொல்லித் தளபதி யோவாபுக்கு ஒரு கடிதம் போனது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனது யார் தெரியுமா? உரியாவேதான். தன் சாவுச் சீட்டைத் தானே சுமந்துகொண்டு போன அந்த விசுவாசமான மனிதனைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

அதற்குப் பிறகு அரண்மனையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. துக்க நாள் முடிந்தது, திருமணம் ஆயிற்று, குழந்தையும் பிறந்தது. மாதக்கணக்கில் தாவீது வாயைத் திறக்கவில்லை. அவர் பெயரால் வழங்கும் திருப்பாடல் 32-ஐ இப்போது பாடினோம். பாவத்தை மறைத்து வைத்திருந்த காலத்தில் தன் உடம்பே நலிந்துபோனதை, இரவும் பகலும் தன்மேல் ஒரு பாரம் அழுத்தியதை, தெம்பெல்லாம் வறண்டுபோனதை அந்தப் பாடல் சொல்கிறது. மறைத்த பாவம் உடம்பில் இறங்கும் என்பதைப் பாடியவர் பட்டு உணர்ந்திருக்கிறார். நமக்கும் தெரிந்த சங்கதிதான் இது. தூக்கம் வராது. சோறு இறங்காது. காரணம் இல்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவோம். அண்ணன் எதிரில் வந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவோம். கேட்டால் "வேல டென்சனுங்க" என்போம்.

பிறகு நாத்தான் வந்தார். ஏழை ஒருவன் மகள் மாதிரி வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் ஒருவன் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொன்னார். கேட்ட தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவன் பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில் நாமெல்லோரும் நீதிமான்கள். அந்த மனிதனே நீர்தான் என்று நாத்தான் விரல் நீட்டிய நொடியில், தாவீது நினைத்திருந்தால் அவர் தலையைச் சீவியிருக்கலாம். பத்சேபாவின் வீடு அரண்மனைக்கு அருகில் இருந்தது என்றோ, போர் என்றால் சாவு வரத்தான் செய்யும் என்றோ சாக்குச் சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு எதிராகத் தான் பாவம் செய்துவிட்டதை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார். மன்னிப்பும் உடனே கிடைத்தது.

நம்முடைய பாவசங்கீர்த்தனம் எப்படி இருக்கிறது? யாருடைய பாவசங்கீர்த்தனத்தையும் நான் இங்கே சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. ஊரே அறிந்த பழக்கத்தைத்தான் சொல்கிறேன். முதல் நற்கருணைக்கு முன்னால் மறைக்கல்வி சிஸ்டர் ஒரு பட்டியல் சொல்லிக்கொடுத்திருப்பார்: பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சரியான பட்டியல். ஐம்பது வயதிலும் அதே பட்டியலை அதே ராகத்தில் ஒப்பித்துவிட்டு எழுந்துபோவது எப்படிச் சரியாகும்? இந்த ஐம்பது வருடத்தில் நமக்கு நிலம் வந்திருக்கிறது, கடை வந்திருக்கிறது, மருமகள் வந்திருக்கிறாள், கட்சி வந்திருக்கிறது. பாவம் மட்டும் எட்டு வயதிலேயே நின்றுவிட்டதா?

"கோபப்பட்டேன் சாமி" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். யார்மேல் கோபம்? தம்பிமேல். எதற்கு? பாகம் பிரிக்கும்போது கிணற்றுப் பங்கில் தகராறு. எவ்வளவு நாளாக? அப்பன் செத்த துக்கத்துக்குக்கூடப் பேச்சுவார்த்தை இல்லை. பார்த்தீர்களா, ஒரே சொல்லுக்குள் ஒரு குடும்பமே புதைந்து கிடக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் போட்டுவிட்டுப் போனால் மேலே இருக்கிற புழுதியைத்தான் தட்டிவிட்டுப் போகிறோம்.

இன்னும் கிட்டத்தில் வந்து பார்ப்போம். தடப்பள்ளி வாய்க்காலில் அடுத்தவன் முறை. நடுராத்திரி. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவன் மடையை அடைத்துவிட்டு நம் மடையைத் திறந்துவிடுகிறோம். விடிவதற்குள் பழையபடி மாற்றியும் வைத்துவிடுகிறோம். வயலில் வந்து பார்க்கிற அவனுக்குத் தண்ணீர் ஏன் பாயவில்லை என்று விளங்குவதில்லை. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரண்டிலும் பாயும் 24,504 ஏக்கருக்கும் அரசாங்கத்திடம் கணக்கு இருக்கிறது. அந்த ஒரு ராத்திரித் தண்ணீருக்கு மட்டும் கணக்கு நம் மனசாட்சியில்தான் இருக்கிறது. உழவு ஓட்டும்போது வருசா வருசம் வரப்பை ஒரு சாண் கரைப்பது, காயாத மஞ்சளைக் காய்ந்த மஞ்சளோடு கலந்து மூட்டை பிடிப்பது, ஏலச்சீட்டுப் பணத்தில் கைவைப்பது, களையெடுக்க வந்த பெண்களின் கூலியை "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் இழுப்பது, இவையெல்லாம் பாவம்தானே? இவற்றை எந்தத் தலைப்பில் சொல்கிறோம்? பெரும்பாலும் சொல்வதே இல்லை. 'தொழில்னா அப்படித்தான்' என்ற தலைப்பில் மூடிவைத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் மூடிக் கிடக்கிறது. சொல்லாமல் விட்டால் நான் உங்கள் பங்குக்குரு இல்லை. அது சாதி. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறோம். வெளியே வந்ததும் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யார் வீட்டில் குடிக்கக்கூடாது என்று கணக்குப் போடுகிறோம். பண்ணையத்து ஆளுக்குத் தனித் தம்ளர் வைத்திருந்த பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதா? மகள் வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்று அவளை அறைந்து பூட்டி வைத்ததைக் 'குடும்ப மானம்' என்போம், பாவம் என்று சொல்லமாட்டோம். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, தவக்கால ஞாயிறு ஒன்றில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமையில் திருப்பலி நடுவே, திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுகளாகச் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். திருச்சபையே முழங்காலில் நின்று ஒத்துக்கொள்ளும்போது நமக்கு என்ன மானம் போய்விடப்போகிறது?

வெட்கம் பெரிய தடைதான். புனித எரோணிமுஸ் சொன்ன ஒரு கருத்தை 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் எடுத்தாண்டது. புண்ணைக் காட்டக் கூச்சப்படும் நோயாளியை எந்த வைத்தியராலும் குணமாக்க முடியாது; தெரியாத நோய்க்கு எங்கிருந்து மருந்து கொடுப்பார்? அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் "ஒடம்புக்கு முடியலீங்க" என்று மட்டும் சொல்லி, எங்கே வலி என்று டாக்டர் கேட்டால் "எல்லாருக்கும் வர்றதுதானுங்க" என்று எழுந்து வந்தால் எப்படி இருக்கும்? பாவசங்கீர்த்தனத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 மார்ச் 28 அன்று புனித பேதுரு பெருங்கோவிலில் மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கப் போகுமுன், எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு குருவின்முன் முழந்தாளிட்டுத் தானே முதலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். உங்கள் பங்குக்குருவுக்கும் இன்னொரு குருவின்முன் முழந்தாளிட வேண்டியிருக்கிறது. இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

அடுத்த கேள்வி நீங்கள் கேட்பது. "ஏனுங்க சாமி, நேரா ஆண்டவர்கிட்டயே சொல்லிக்கிட்டா ஆகாதுங்களா? நடுவுல ஆளு எதுக்குங்க?" ஆண்டவரிடம் தினமும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்கள்மேல் ஆவியை ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை மனிதர் கையில் கொடுத்தார் (யோவான் 20). பாவங்களை ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொள்ளச் சொல்லி, குணமடைவதையும் அதோடு சேர்த்தே பேசுகிறது யாக்கோபின் திருமுகம், 5-ஆம் அதிகாரத்தில். இது கத்தோலிக்கரின் கண்டுபிடிப்பு என்று நினைக்கும் மற்ற சபை நண்பர்களுக்கு டீட்ரிக் போன்ஹோபரை நினைவுபடுத்தலாம். ஹிட்லரை எதிர்த்து 1945-இல் தூக்கிலிடப்பட்ட லூத்தரன் போதகர். தன் இறையியல் மாணவர்களை ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யச் சொன்னவர். தனியாகக் கடவுளிடம் சொல்லிக்கொள்பவன் பல நேரம் தன்னிடமே சொல்லித் தன்னையே மன்னித்துக்கொள்கிறான் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. நம் அனுபவமும் அதுதான். நமக்கு நாமே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தால் வழக்கு எப்போதும் நம் பக்கம்தான் தீரும். எதிரே இன்னொரு மனிதர் உட்கார்ந்து கேட்கும்போதுதான் செய்தது செய்ததாகவே நிற்கிறது. மன்னிப்பும் நம் கற்பனையாக இல்லாமல் காதில் விழும் குரலாக வருகிறது.

சொன்னது வெளியே போய்விட்டால்? இந்தப் பயம் நியாயமானது. சின்ன ஊர். டீக்கடையில் ஒரு பேச்சு விழுந்தால் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அதனால்தான் திருச்சபைச் சட்டம் 983 பாவசங்கீர்த்தன இரகசியத்துக்கு முத்திரை வைத்திருக்கிறது. சொல்லாலும் சைகையாலும் எந்தக் காரணத்துக்காகவும் குரு அதை வெளிப்படுத்தக்கூடாது. நேரடியாக மீறுகிற குரு அந்த நொடியே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார். பிராகா நகரில் 1393-இல் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்ட புனித நெப்போமுக் ஜான், அரசியின் பாவசங்கீர்த்தனத்தை மன்னனுக்குச் சொல்ல மறுத்தவர் என்று மரபு போற்றுகிறது.

அதே மூச்சில் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். 2018-இல் கேரளத்தில், பாவ அறிக்கையில் சொன்னதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டிச் சீரழித்ததாகக் குருக்கள் சிலர்மேல் புகார் எழுந்தது. தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கவேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு அது போனது. திருச்சபைகள் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. இந்த அருட்சாதனம் நம் விசுவாசத்தின் உயிர்நாடி, எடுத்தெறிய முடியாது. ஆனால் எடுத்தெறியச் சொல்லுமளவு ஒருவருக்குக் கோபம் வந்ததே, அதற்குக் குருக்களாகிய நாங்கள் வெட்கப்படவேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் எந்தக் குருவாவது தேவையில்லாத கேள்வி கேட்டால், தகாத பேச்சுப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆயருக்குப் புகார் கொடுங்கள். குற்றம் நடந்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். இரகசிய முத்திரை குருவின் வாய்க்குத்தான். உங்கள் வாயை அது கட்டிப்போடாது.

இப்போது நற்செய்திக்கு வருவோம். கப்பர்நாகூமில் ஒரு வீடு. வாசல்வரை கூட்டம். நான்கு பேர் முடக்குவாதக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வழியில்லை என்றதும் கூரைமேல் ஏறி அதைப் பிரித்து, அவர் தலைக்கு நேராகக் கட்டிலை இறக்குகிறார்கள். உள்ளே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையில் மண்ணும் மரத்தூளும் விழுந்திருக்கும். வீட்டுக்காரர் என்ன சொல்லித் திட்டினாரோ! இயேசு அந்த மனிதரைப் பார்த்ததும் கால்களைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டதை முதலில் அறிவிக்கிறார். நடக்கச் சொல்வது அதற்குப் பிறகுதான். தூக்கி வந்த நான்கு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் எது ஆழத்தில் இருக்கும் நோய் என்பது இயேசுவுக்குத் தெரிந்திருந்தது.

இதை வைத்து யாரும் தப்புக் கணக்குப் போடவேண்டாம். ஒருவருக்கு வாதம் வந்தால், புற்றுநோய் வந்தால், குழந்தை இல்லாமல் போனால் "என்ன பாவம் பண்ணுனாங்களோ" என்று வாய் கூசாமல் சொல்கிறோம். பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றிச் சீடர்கள் அப்படித்தான் கேட்டார்கள். இவரும் பாவம் செய்யவில்லை, இவர் பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு அந்த நினைப்பையே வெட்டி எறிந்தார் (யோவான் 9). பாவசங்கீர்த்தனம் சர்க்கரை நோய்க்கு மாத்திரை இல்லை. மனச்சோர்வு மாதக்கணக்கில் விடாமல் பிடித்திருந்தால், சாகலாமா என்ற நினைப்பு வந்தால், மனநல மருத்துவரிடம் போங்கள், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. குருவும் தேவை, மருத்துவரும் தேவை.

பாவமே செய்யாமல் குற்ற உணர்வில் குமுறுபவர்களும் உண்டு. புருசன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். தான் சரியாக இருந்திருந்தால் அடித்திருக்கமாட்டான் என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்கிறாள். அம்மா, அடிவாங்குவது உங்கள் பாவமில்லை. சிறுவயதில் யாரோ செய்த தகாத செயலுக்காகத் தன்னையே அருவருக்கிற பிள்ளைகளே, அதுவும் உங்கள் பாவமில்லை. அடித்தவரும் கெடுத்தவரும்தான் இங்கே முழந்தாளிட வேண்டும். உங்களுக்குத் தேவை ஆறுதலும் பாதுகாப்பும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பாவசங்கீர்த்தனம் தரும் குணம் எது? உலகமும் இதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, தினம் கால்மணி நேரம், தங்கள் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்திருந்தது. அதேபோல் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய குடிமறப்போர் இயக்கமான ஏ.ஏ., தன் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவதாக, தான் செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் துல்லியமாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. டாஸ்மாக் வாசலில் வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் அந்தப் படியில் ஏறி வெளியே வந்திருக்கிறார்கள். காகிதத்தில் எழுதினாலே உடம்பு லேசாகிறது என்றால், மன்னிக்க அதிகாரமுள்ளவரின் முன்னால் சொன்னால் எவ்வளவு லேசாகும்! காகிதம் கேட்டுக்கொள்ளும், மன்னிக்காது. இங்கே கேட்பவரே மன்னிக்கிறார், ஏனென்றால் குருவின் காது வழியாகக் கேட்பவர் கிறிஸ்து.

ஆனாலும் மன்னிப்புக் கிடைத்த கையோடு எல்லாம் பழையபடி ஆகிவிடாது. தாவீதுக்குப் பாவம் மன்னிக்கப்பட்டது. உரியா உயிரோடு வரவில்லை, பிறந்த குழந்தையும் இறந்தது, அந்தக் குடும்பத்தில் வாள் ஓயவில்லை. செய்ததன் விளைவைச் சுமக்கத்தான் வேண்டும். திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சக்கேயு மரத்திலிருந்து இறங்கி இயேசுவுக்கு விருந்து வைத்ததோடு நிற்கவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று கணக்குச் சொன்னார். குரு கொடுக்கும் அபராதம் மூன்று அருள் நிறைந்த மரியேவாக இருக்கலாம். அதைச் சொல்லி முடித்துவிட்டால் அடுத்தவன் வரப்பு நமக்குச் சொந்தமாகிவிடாது. களையெடுத்த பெண்ணின் கூலி பாக்கி தீர்ந்துவிடாது. திருப்பிக் கொடுக்கிற எண்ணமே இல்லாதவனின் பாவசங்கீர்த்தனத்தில் மனத்துயரும் இல்லை, பிரதிக்கினையும் இல்லை.

இன்று எப்படிச் செய்யலாம்? முதலில் ஆன்ம சோதனை. பத்துக் கட்டளைகளையும் வீட்டிலிருந்து வயல்வரை, கடையிலிருந்து கைபேசிவரை பொருத்திப் பாருங்கள். பெரிய பாவம் எதையும் விட்டுவிடாதீர்கள். எது, எத்தனை முறை என்று நினைவுக்கு வந்த அளவில் சொல்லவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 988. குறைந்தது வருடம் ஒருமுறை என்பது 989. இரண்டாவதாக, உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். மாமியார் பாவத்தை மாமியார் சொல்லிக்கொள்வார். மூன்றாவதாக, கதை வேண்டாம், சாக்கும் வேண்டாம். சொல்லக் கூசுகிற ஒன்று தொண்டையில் நின்றால் அதையே முதலில் சொல்லிவிடுங்கள். வார்த்தை வராவிட்டால் "ஒண்ணு இருக்குதுங்க, சொல்ல வரமாட்டீங்குது" என்று மட்டும் சொல்லுங்கள், மீதிக்குக் குரு துணை நிற்பார். நான்காவதாக, யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர்களிடம் எப்போது, எப்படிப் போய்ச் சரிசெய்வது என்று அங்கேயே கேளுங்கள். சில விசயங்களைப் பொசுக்கென்று வீட்டில் போட்டு உடைத்தால் நம் மனம் லேசாகும், கேட்பவர் மனம் நொறுங்கும். அதற்கு நிதானம் வேண்டும்.

பத்து வருடமாக, இருபது வருடமாக வராதவர்களும் இங்கே இருக்கலாம். "இத்தன வருசம் எங்க போயிருந்தே" என்று உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. ஊதாரி மகன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைக்கூட முழுதாகச் சொல்ல விடாமல் கட்டிப்பிடித்த தகப்பனைப் பற்றி நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தகப்பனிடம்தான் வருகிறீர்கள்.

வழிபாடு முடிந்ததும் குருக்கள் ஆலயத்தின் இருபுறமும் அமர்ந்திருப்போம். கடைசி ஆள் எழுந்துபோகும்வரை நாங்கள் எழமாட்டோம். திரைக்குப் பின்னால் சொல்ல விரும்புபவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள், எதிரில் உட்கார்ந்து பேச விரும்புபவர்கள் நாற்காலிக்கு வாருங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் புதுத்துணி எடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். பேசாமல் விட்ட அண்ணன் தம்பிக்கு இன்று இரவே ஒரு போன் போடுங்கள். பாக்கி வைத்த கூலியை நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாருங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆண்டவர் மன்னிப்பார். ஆமென்.